தேதி ஒன்று, நாள் இரண்டு! - கம்ப்யூட்டரையே ஏமாற்றும் காலண்டர்

மகனுக்கு அமெரிக்காவில் நியூயார்க் நகரில் வேலை. அப்பாவும் அம்மாவும் சென்னையில் இருக்கிறார்கள்.

2024-ம் வருஷம். ஊருக்கு வரப்போவதாக மகன் செல்போனில் ஒரு சேதி அனுப்பினான். "04/03/2024 காலையில் வருகிறேன்." அவ்வளவுதான் சேதி.

அம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் புரட்டினார்.

"என்னங்க! மார்ச் 4-ந்தேதி திங்கட்கிழமை. காலை ஏழரை மணிக்கு ராகு காலம். அதற்கு முன்னாலேயே புறப்பட்டுவிட வேண்டும்."

புறப்பட்டார்கள். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் காத்திருந்தார்கள். எல்லோரும் வெளியே வந்தார்கள். மகனைக் காணோம்! காலை 8 மணிக்கு அம்மா போன் செய்தார்.

"ஏண்டா, எந்த வாசல் வழியாக வருகிறாய்?"

"வாசலா? நான் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன், அம்மா. இங்கே ராத்திரி ஒன்பதரை மணி."

"4-ந்தேதி வருகிறேன் என்று எழுதினாயே?"

"4-ந்தேதி அல்ல, அம்மா! 4-ம் மாதம் 3-ந்தேதி. இன்னும் ஒரு மாதம் இருக்கிறதே! அதுவும் தவிர, இங்கே 4-ந்தேதி இன்னும் பிறக்கவே இல்லை. இது ஞாயிற்றுக்கிழமை ராத்திரி."

இது கற்பனைக் கதைதான். ஆனால் இதில் உள்ள குழப்பம் கற்பனை அல்ல. மனிதர்களுக்கு மட்டும் அல்ல, கம்ப்யூட்டருக்கும் இதே குழப்பம் உண்டு. ரயில் டிக்கெட், பள்ளிக்கூட விண்ணப்பம், வேலைக்கு மனு, ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் குறிப்பது எல்லாம் இன்று இணையதளத்தில் நடக்கிறது. எல்லாவற்றிலும் தேதி கேட்கிறார்கள். அந்தத் தேதியைக் கம்ப்யூட்டர் எப்படிப் படிக்கிறது? எங்கே தவறுகிறது?

தெரிந்துகொண்டால் நமக்கு நல்லது. தவறு நேர்ந்தால் நஷ்டம் நமக்குத்தான்!

மூன்று தேசம், மூன்று வழக்கம்

நம் நாட்டில் முதலில் நாள், பிறகு மாதம், கடைசியில் வருஷம் எழுதுகிறோம். இங்கிலாந்திலும் இப்படித்தான்.

அமெரிக்காவில் முதலில் மாதம், பிறகு நாள், பிறகு வருஷம்.

சீனாவிலும் ஜப்பானிலும் முதலில் வருஷம், பிறகு மாதம், கடைசியில் நாள்.

நமக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு சம்பவங்களைப் பாருங்கள். 2001-ம் வருஷம் செப்டம்பர் 11-ந்தேதி நியூயார்க்கில் இரட்டைக் கோபுரம் தகர்க்கப்பட்டது. அதை "9/11" என்கிறோம். 2008-ம் வருஷம் நவம்பர் 26-ந்தேதி மும்பையில் பயங்கரவாதிகள் தாக்கினார்கள். அதை "26/11" என்கிறோம்.

முதலாவதில் மாதம் முன்னால் நிற்கிறது. இரண்டாவதில் நாள் முன்னால் நிற்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறோம், தடுமாறுவது இல்லை. காரணம், அந்தச் சம்பவங்கள் நமக்குத் தெரியும். ஒன்றும் தெரியாத ஒருவரிடம் "9/11" என்று எழுதிக் கொடுங்கள். நம் ஊர்க்காரராக இருந்தால், "நவம்பர் 9" என்றுதான் படிப்பார்!

வருஷத்தில் 132 நாள் ஆபத்து

"26/11" என்பதில் குழப்பம் வராது. ஏன்? 26-வது மாதம் என்று ஒன்று கிடையாது. ஆகவே 26 என்பது நாளாகத்தான் இருக்க வேண்டும்.

1 முதல் 12 வரை உள்ள எண்கள்தான் ஆபத்தானவை. அவை நாளாகவும் இருக்கலாம், மாதமாகவும் இருக்கலாம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு மாதத்திலும் முதல் 12 நாட்கள். 12 மாதத்துக்கு 144 நாட்கள். இதில் 1/1, 2/2, 3/3 என்று 12/12 வரை 12 நாட்களுக்கு மட்டும் எப்படிப் படித்தாலும் ஒன்றுதான். அவற்றைக் கழித்துவிட்டால் மீதி 132.

அதாவது வருஷத்தில் 132 நாட்களை எண்ணால் மட்டும் எழுதினால், அவற்றுக்கு இரண்டு அர்த்தம் உண்டு! மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்!

கம்ப்யூட்டருக்குத் தேதி தெரியாது

கம்ப்யூட்டருக்கு மார்ச்சும் தெரியாது, மார்கழியும் தெரியாது. அதற்குத் தெரிந்தது எண் ஒன்றுதான்.

ஆகவே ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். 1970-ம் வருஷம் ஜனவரி 1-ந்தேதி நள்ளிரவு 12 மணி. இங்கிலாந்தில் உள்ள கிரீனிச் நேரப்படி இதைத் தொடக்கமாக வைத்துக்கொண்டார்கள். அதிலிருந்து எத்தனை வினாடி ஓடியிருக்கிறது? அந்த எண்தான் கம்ப்யூட்டருக்குத் தேதி.

உதாரணமாக, 2024 மார்ச் 4-ந்தேதி பிறந்த நேரம், அந்தக் கணக்கில் 170 கோடியே 95 லட்சத்து 10 ஆயிரத்து 400-வது வினாடி. இணையதளப் புரோகிராம்கள் இன்னும் நுணுக்கமாக, ஒரு வினாடியை ஆயிரம் கூறாக்கி எண்ணுகின்றன.

நமக்கு அந்த எண் பயன்படாது. கம்ப்யூட்டருக்கு நம் எழுத்து பயன்படாது. ஆகவே நடுவில் இரண்டு வேலைகள் நடக்கின்றன.

நாம் எழுதிய தேதியைப் படித்து, எண்ணாக மாற்றிக்கொள்வது முதல் வேலை. எண்ணைத் திரும்பவும் தேதியாக மாற்றி, நமக்குப் புரியும்படி எழுதிக் காட்டுவது இரண்டாவது வேலை.

எழுதிக் காட்டுவது சுலபம். படிப்பதுதான் கஷ்டம்! நம் வீடுகளிலும் அப்படித்தானே? டாக்டர் மருந்துச் சீட்டை ஒரு நொடியில் எழுதிவிடுகிறார். படிப்பதற்குள் மருந்துக் கடைக்காரர் படும் பாடு!

10 நாளில் பிறந்த மொழி

இணையதளங்களில் ஓடும் புரோகிராம்களில் பெரும்பாலானவை "ஜாவாஸ்கிரிப்ட்" என்ற கம்ப்யூட்டர் மொழியில் எழுதப்படுகின்றன. டிக்கெட் வாங்கும்போது கட்டம் கட்டமாக ஒரு காலண்டர் விரிகிறதே, அதை வரைந்து காட்டுவதும் அநேகமாக இந்த மொழிதான்.

இதை உண்டாக்கியவர் பிரெண்டன் ஐக் என்ற அமெரிக்கர். 1995-ம் வருஷம் "நெட்ஸ்கேப்" என்ற கம்பெனியில் அவர் வேலை பார்த்தார். "சீக்கிரம் வேண்டும், சீக்கிரம் வேண்டும்" என்று கம்பெனியில் அவசரப்படுத்தினார்கள். மொழியின் முதல் வடிவத்தை 10 நாட்களில் அவர் செய்து முடித்தார்!

தேதி பார்க்கும் பகுதியைப் புதிதாக யோசிக்க நேரம் ஏது? அப்போது புதிதாக வந்திருந்த "ஜாவா" என்ற வேறொரு மொழியில் இருந்ததை, அப்படியே எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

அதில் கோளாறுகள் இருந்தன. 1997-ல் ஜாவா மொழிக்காரர்களே அதில் பெரும்பகுதியை, "இனிமேல் பயன்படுத்த வேண்டாம்" என்று ஒதுக்கி வைத்துவிட்டார்கள். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் மொழியால் ஒதுக்க முடியவில்லை. அதற்குள் உலகம் முழுவதும் இணையதளங்கள் அதை நம்பி எழுதப்பட்டுவிட்டன. மாற்றினால் எல்லாம் நின்றுவிடும்!

இரவல் வாங்கிய சட்டையை, இன்றைக்கும் கழற்ற முடியவில்லை.

ஜனவரிக்கு எண் பூஜ்யம்!

ஜனவரிக்கு என்ன எண்? 1 என்பீர்கள். ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பழைய ஏற்பாட்டில் ஜனவரிக்கு எண் 0!

பிப்ரவரி 1, மார்ச் 2... டிசம்பர் 11. ஆனால் நாளை மட்டும் நம்மைப் போலவே 1 முதல் எண்ணும். கம்ப்யூட்டர் ஒரு பட்டியலை எண்ணும்போது பூஜ்யத்தில் தொடங்குவது வழக்கம். மாதங்களின் பெயரைப் பட்டியலாக வைத்தார்கள். அந்த வழக்கம் இங்கேயும் ஒட்டிக்கொண்டது.

புதிதாகப் புரோகிராம் எழுத வந்த பையன் 2024, 3, 4 என்று எழுதுவான். மார்ச் 4 என்று நினைத்துக்கொள்வான். கம்ப்யூட்டர் ஏப்ரல் 4 என்று எடுத்துக்கொள்ளும். டிசம்பர் என்று நினைத்து 12 என்று எழுதினால், அடுத்த வருஷம் ஜனவரிக்குப் போய்விடும்!

12 வரை பொய், 13-ல் கலகம்

அடுத்த வேடிக்கையைக் கேளுங்கள்.

"04/03/2024" என்று எழுதி, இதைப் படி என்று ஜாவாஸ்கிரிப்டிடம் கொடுத்தால், அமெரிக்க வழக்கப்படி ஏப்ரல் 3 என்று படிக்கும். "இது மார்ச்சா, ஏப்ரலா?" என்று ஒரு வார்த்தை கேட்காது.

"25/12/2024" என்று கொடுத்தால்? 25-வது மாதம் கிடையாது. ஆகவே, "செல்லாத தேதி" என்று சொல்லிவிடும்.

இதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. ஓர் இணையதளத்தை மாதத்தின் 5-ந்தேதி சோதித்துப் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். எந்தத் தகராறும் இல்லை. "சரியாக இருக்கிறது" என்று விட்டுவிடுவார்கள். தேதிகள் தலைகீழாகப் பதிவாகிக்கொண்டே இருக்கும். 13-ந்தேதி வந்த பிறகுதான் கலகம் தொடங்கும். அதற்குள் எத்தனையோ பேருடைய தேதி மாறிப்போயிருக்கும்.

"தெரியாது" என்று சொல்லும் கம்ப்யூட்டரால் கெடுதல் இல்லை. தெரிந்ததுபோல் காட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டரால்தான் கெடுதல்!

பிப்ரவரி 31-ந்தேதி உண்டா?

பிப்ரவரி 31-ந்தேதி என்று யாராவது சொன்னால் சிரிப்போம். ஜாவாஸ்கிரிப்ட் சிரிக்காது. வருஷம், மாதம், நாள் என்று தனித்தனி எண்ணாகக் கொடுத்தால், பிப்ரவரியைத் தாண்டி மீதி நாளையும் எண்ணிக்கொண்டு போகும். 2023-ம் வருஷம் பிப்ரவரி 31 என்றால், மார்ச் 3-ந்தேதியில் போய் நிற்கும். 2024-ம் வருஷமாக இருந்தால் மார்ச் 2. அது லீப் வருஷம் அல்லவா?

மாதத் தவணை வசூலிக்கும் புரோகிராமை நினைத்துப் பாருங்கள். ஜனவரி 31-ந்தேதி ஒரு தவணை. "ஒரு மாதம் கூட்டு" என்றால் மார்ச்சுக்குப் போய்விடும். பிப்ரவரித் தவணை காணாமல் போகும்!

ஆனால் கெட்டிக்காரர்கள் இந்தக் குணத்தையே தங்களுக்குச் சாதகமாக ஆக்கிக்கொண்டார்கள். பிப்ரவரிக்கு 28 நாளா, 29 நாளா என்று தெரிய வேண்டுமா? "மார்ச் 0-ந்தேதி எது?" என்று கேட்பார்கள். மார்ச் 1-ந்தேதிக்கு ஒரு நாள் முன்னால் போய், பிப்ரவரியின் கடைசித் தேதியைக் கம்ப்யூட்டர் சொல்லிவிடும். திரையில் விரியும் காலண்டரில் எத்தனை கட்டம் போடுவது என்பதை இப்படித்தான் பலர் கண்டுபிடிக்கிறார்கள்.

அஞ்சரை மணி தின்ற பிறந்த நாள்

எல்லாவற்றையும்விட நம்மை அதிகம் பாதிப்பது இதுதான். கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

நம் நாட்டு நேரம், கிரீனிச் நேரத்தைவிட அஞ்சரை மணி முந்தியது. நமக்கு நள்ளிரவு 12 மணி ஆகும்போது, கிரீனிச் கணக்கில் முதல் நாள் மாலை ஆறரை மணிதான்.

ஒரு வாலிபர் 1995-ம் வருஷம் ஜூலை 1-ந்தேதி பிறந்தவர். இணையதளத்தில் ஒரு வேலைக்கு மனுச் செய்கிறார். "1995 ஜூலை 1-ந்தேதிக்கு முன் பிறந்தவர்கள் விண்ணப்பிக்கக் கூடாது" என்பது விதி என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தகுதி இருக்கிறது. திரையில் விரிந்த காலண்டரில் ஜூலை 1-ஐத் தொட்டார்.

அவர் தொட்டது ஒரு நாளை. ஆனால் புரோகிராம் அதை ஒரு நேரமாக எடுத்துக்கொண்டது. "இந்திய நேரப்படி ஜூலை 1-ந்தேதி நள்ளிரவு 12 மணி" என்று குறித்துக்கொண்டது.

பிறகு அதை அனுப்புவதற்காகக் கிரீனிச் நேரத்துக்கு மாற்றியது. "ஜூன் 30-ந்தேதி மாலை ஆறரை மணி" என்று ஆயிற்று.

"பிறந்த தேதிக்கு மணி எதற்கு?" என்று, மணியை வெட்டி எறிந்தது. மிஞ்சியது ஜூன் 30!

ஒரு நாள் போய்விட்டது. மனுவும் தள்ளுபடி! வாலிபர் செய்த தவறு ஒன்றும் இல்லை. அவர் சரியான தேதியைத்தான் தொட்டார்.

இதே தவறு அமெரிக்காவில் தலைகீழாக நடக்கும். "1995-07-01" என்று தேதி மட்டும் எழுதியிருந்தால், ஜாவாஸ்கிரிப்ட் அதைக் கிரீனிச் நள்ளிரவு என்று படிக்கிறது. சென்னையில் அப்போது அதே நாள் காலை அஞ்சரை மணி. ஆகவே இங்கே தேதி சரியாகத் தெரியும். நியூயார்க்கில் அப்போது முதல் நாள் ராத்திரி 8 மணி. ஆகவே அங்கே ஜூன் 30 என்று தெரியும்! சென்னையில் உட்கார்ந்து சோதித்தவருக்கு இந்தத் தவறு கண்ணிலேயே படாது.

குழந்தை எந்த நேரத்தில் பிறந்தது என்பது ஜாதகத்துக்கு வேண்டியிருக்கலாம். ஆனால் பிறந்த தேதி என்பது ஒரு நாள். சென்னைக்குப் போனாலும் சிகாகோவுக்குப் போனாலும் அது மாறாது. விமானம் புறப்படுவது அப்படி அல்ல. அது ஒரு நேரம். ஊருக்கு ஊர் கடிகாரம் வேறு காட்டும். நாள் வேறு, நேரம் வேறு. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டதால் வந்த வினை இது!

காணாமல் போன வெள்ளிக்கிழமை

நேரக் கணக்கு எவ்வளவு விசித்திரமானது என்பதற்கு இன்னோர் உதாரணம்.

பசிபிக் கடலில் சமோவா என்ற தீவு நாடு இருக்கிறது. அங்கே 2011-ம் வருஷம் டிசம்பர் 29-ந்தேதி வியாழக்கிழமை. அதற்கு மறுநாள் டிசம்பர் 31-ந்தேதி சனிக்கிழமை! 30-ந்தேதி வெள்ளிக்கிழமை அங்கே வரவே இல்லை.

ஆஸ்திரேலியாவோடும் நியூசிலாந்தோடும் அந்த நாட்டுக்கு வியாபாரம் அதிகம். அங்கே திங்கட்கிழமை கடை திறந்தால், இங்கே ஞாயிற்றுக்கிழமை. அதனால் தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டார்கள். அன்றைக்குப் பிறந்த நாள் இருந்தவர்கள் என்ன செய்வார்கள்? பாவம்!

காலண்டர் புரோகிராம் எழுதுகிறவர்கள் இதையும் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

பாட்டிக்கு வயது பூஜ்யம்

வருஷத்தை இரண்டு எண்ணால் எழுதும் பழக்கமும் ஆபத்தானது.

பழைய கம்ப்யூட்டர்களில் இடம் குறைவு. இடத்தை மிச்சப்படுத்த 1965 என்பதை 65 என்று எழுதினார்கள். 2000-ம் வருஷம் நெருங்கியபோது உலகமே கதிகலங்கியது. 00 என்றால் கம்ப்யூட்டர் 1900 என்று நினைத்துக்கொள்ளுமே! வங்கிக் கணக்கு என்ன ஆகும்? ஏராளமான பணம் செலவழித்து, ஆயிரக்கணக்கான புரோகிராம்களைத் திருத்தினார்கள். அந்த வேலையில் நம் நாட்டு இளைஞர்கள் பலருக்கு வாய்ப்புக் கிடைத்தது.

இன்றும் அந்தப் பழக்கம் போகவில்லை. பாட்டி பிறந்தது 1925 என்றால், "25" என்று எழுதுகிறோம். 2025 என்று புரோகிராம் படித்துவிட்டால், பாட்டி கைக்குழந்தை ஆகிவிடுவார்!

விஞ்ஞானிகளையே திணற வைத்தது

தேதி அல்லாததைத் தேதி என்று படிப்பதும் உண்டு.

நம் உடம்பில் உள்ள மரபணுக்களுக்கு விஞ்ஞானிகள் சுருக்கப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு மரபணுவின் பெயர் "மார்ச்1". இன்னொன்று "செப்ட்1". இவை அந்த மரபணுக்களின் நீளமான பெயர்களிலிருந்து வந்த சுருக்கம். மாதத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை.

விஞ்ஞானிகள் இந்தப் பெயர்களை "எக்ஸெல்" என்ற கணக்குப் புரோகிராமில் எழுதினார்கள். அது என்ன செய்தது தெரியுமா? "மார்ச் 1-ந்தேதி", "செப்டம்பர் 1-ந்தேதி" என்று மாற்றி வைத்துவிட்டது!

2016-ம் வருஷம் ஓர் ஆராய்ச்சி நடந்தது. மரபணுப் பட்டியலை எக்ஸெல் ஏட்டில் இணைத்திருந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளை ஆராய்ந்தார்கள். ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு கட்டுரைகளில் இந்த மாதிரித் தவறு இருந்தது!

கடைசியில் யார் மாறினார்கள்? அப்போது புரோகிராம் மாறவில்லை. 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றினார்கள். "மார்ச்1" என்பது "மார்ச்எப்1" ஆயிற்று. "செப்ட்1" என்பது "செப்டின்1" ஆயிற்று.

வழி என்ன?

வழி இருக்கிறது. அது சுலபமானதும்கூட.

ஜெனீவாவில் சர்வதேச தர நிர்ணய அமைப்பு இருக்கிறது. 1988-ம் வருஷம் அது தேதி எழுதுவதற்கு ஒரு முறையை வகுத்தது. முதலில் வருஷம், நான்கு எண். பிறகு மாதம், இரண்டு எண். பிறகு நாள், இரண்டு எண். நடுவில் சிறு கோடு. மார்ச் 4 என்றால், "2024-03-04".

இதில் எந்த நாட்டாருக்கும் சண்டை இல்லை. வருஷம் முன்னால் நின்றால், அடுத்தது மாதம் என்பதே வழக்கம். வருஷம், நாள், மாதம் என்று எழுதும் பழக்கம் பொதுவாக இல்லை.

இன்னொரு லாபமும் உண்டு. பெரியது முன்னால், சிறியது பின்னால் வருகிறது. இப்படி எழுதிய தேதிகளை வெறும் எண் வரிசையில் அடுக்கினாலே போதும். பழையது மேலேயும் புதியது கீழேயும் தானாக வந்துவிடும். நம் முறையில் எழுதி அடுக்கினால், 2024 ஏப்ரல் 3-ந்தேதி (03-04-2024) மேலே போகும். 2023 டிசம்பர் 25-ந்தேதி (25-12-2023) கீழே போகும்!

"அப்படியானால் நாம் எல்லோரும் நம் பழக்கத்தை விட்டுவிட வேண்டுமா?" என்று கேட்பீர்கள். வேண்டியது இல்லை. கம்ப்யூட்டர் உள்ளே எப்போதும் ஒரே முறையில் வைத்துக்கொள்ளட்டும். வெளியே காட்டும்போது அவரவர் வழக்கப்படி காட்டட்டும்.

இன்று அது நடக்கிறது. இணையதளங்களில் தேதி கேட்பதற்கென்றே ஒரு பெட்டி உண்டு. அது நமக்கு நாள் முதலிலும், அமெரிக்கருக்கு மாதம் முதலிலும் காட்டும். ஆனால் புரோகிராமிடம் கொடுக்கும்போது எல்லோருக்கும் "2024-03-04" என்றுதான் கொடுக்கும். எழுதிக் காட்டுவதற்கும் ஏற்பாடு இருக்கிறது. அதே தேதியைத் தமிழில் காட்டு என்றால், மாதத்தின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே காட்டும். ஜப்பானியருக்கு அவர் எழுத்தில் காட்டும்.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியின் பழைய கோளாறுக்கும் மருந்து வந்துவிட்டது. "டெம்போரல்" என்ற புதிய ஏற்பாட்டைச் செய்திருக்கிறார்கள். இதில் ஜனவரிக்கு எண் 1. நாளுக்குத் தனிப் பெட்டி, நேரத்துக்குத் தனிப் பெட்டி. நாள் பெட்டியில் போட்ட பிறந்த தேதியை, எந்த நாட்டுக் கடிகாரமும் தின்ன முடியாது! 2025-ல் "பயர்பாக்ஸ்" இதைச் சேர்த்துக்கொண்டது.

நாம் செய்ய வேண்டியது

புரோகிராம் எழுதுகிறவர்கள் அவர்கள் வேலையைச் செய்யட்டும். நம் பங்குக்கு நாலு காரியம் செய்யலாம்.

1. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத் தேதி எழுதும்போது, மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். "4 மார்ச் 2024" என்றால் யாரும் ஏமாற மாட்டார்கள்.

2. வருஷத்தை எப்போதும் நான்கு எண்ணால் எழுதுங்கள்.

3. இணையதளத்தில் தேதி எழுதும் முன், நாளை முதலில் கேட்கிறதா, மாதத்தை முதலில் கேட்கிறதா என்று பெட்டியைப் பாருங்கள்.

4. மனுவை அனுப்பும் முன் கடைசியாக ஒரு முறை படித்துப் பாருங்கள். அனுப்பிய பிறகு வரும் ரசீதிலும் பிறந்த தேதியைப் பாருங்கள். ஒரு நாள் குறைந்திருந்தால், உடனே எழுதித் தெரிவியுங்கள். திரையில் தெரிந்ததையும் ரசீதையும் பத்திரப்படுத்தி வையுங்கள்.

நம் வீட்டுத் தினசரி காலண்டரைப் பாருங்கள். நாளைப் பெரிய எண்ணாகப் போட்டிருக்கிறார்கள். மாதத்தை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். வருஷம் முழுமையாக இருக்கிறது. கிழமையும் இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் அதைத் தவறாகப் படிக்க முடியாது. பெரிய பெரிய நிபுணர்கள் தேடிய விடை, நம் சுவரில்தான் தொங்குகிறது!

நம் கதைக்கு வருவோம். விமான நிலையத்திலிருந்து அம்மா வெறுங்கையோடு வீடு திரும்பினார். ராத்திரி மகன் மறுபடியும் போன் செய்தான்.

"அம்மா, கோபமா?"

"கோபம் இல்லையடா. எட்டு வருஷம் அங்கே இருந்தால் அந்த ஊர் வழக்கம் வரத்தான் செய்யும். ஒன்று மட்டும் செய். இனிமேல் மாதத்தை எழுத்தில் எழுது. உன் அப்பாவுக்கும் புரியும், கம்ப்யூட்டருக்கும் புரியும்!"